வால்வா, பம்பா? ஹைட்ராலிக் பாய்வுக் கட்டுப்பாட்டில் தீராத கேள்வி

மண் அள்ளும் இயந்திரத்தில் டீசல் எஞ்சின் ஒன்று. அது சுழற்றும் பெரிய பம்ப் ஒன்றோ இரண்டோ. அந்தப் பம்ப் தரும் ஆயிலுக்குக் காத்திருப்பவையோ பல: பூம், ஆர்ம், பக்கெட், மேற்பகுதியைத் திருப்பும் ஸ்விங் மோட்டார், இரு பக்கச் செயின்களை ஓட்டும் மோட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தேவையான அழுத்தம் வேறு, வேகம் வேறு. இரண்டும் நொடிக்கு நொடி மாறுகின்றன. ஆயில் எப்போதும் எதிர்ப்புக் குறைந்த பக்கம்தான் ஓடும். இந்த நிலையில், ஆபரேட்டர் லீவரில் கேட்கும் வேகத்தை, பளு எதுவானாலும், ஒவ்வொரு உறுப்புக்கும் பிசகாமல் கொடுப்பது எப்படி? அப்படிக் கொடுக்கும்போது எஞ்சினின் உழைப்பு வெப்பமாக வீணாகாமல் காப்பது எப்படி?

இதற்குப் பொறியியல் தந்த அடிப்படை விடைகள் இரண்டு. ஆயில் போகும் வழியைக் குறுக்கி வேகத்தை அடக்குவது வால்வின் வழி. தேவையான அளவு ஆயிலை மட்டும் அனுப்புவது பம்பின் வழி. முதலாவது எளிது, மலிவு, சட்டென்று செயல்படும். ஆனால் ஆற்றலை வீணடிக்கும். இரண்டாவது சிக்கனமானது, ஆனால் விலை கூடுதல், இடமும் அதிகம் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் துறைமுகக் கிரேன் முதல் இன்றைய பேட்டரி எக்ஸ்கவேட்டர் வரை விவாதம் இந்த இரண்டு துருவங்களுக்கு இடையேதான் நகர்ந்து வந்திருக்கிறது. இடையில் தோன்றிய விடைகள் எவை, அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன, எது இன்னும் முடிவாகவில்லை என்பவற்றைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

## நீர் தந்த முதல் விடை

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்பதைப் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார். 1795இல் ஜோசப் பிரமா காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் பிரஸ் அந்த விதியைப் பெரும் விசையாக மாற்றிக் காட்டியது. பிரஸ்ஸில் விசைதான் முக்கியம். வேகம் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. 1846இல் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நியூகாசில் ஆற்றுத்துறையில் ஊர்க் குடிநீர்க் குழாயின் அழுத்தத்தைக் கொண்டே ஒரு கிரேனை இயக்கியபோதுதான், சரக்கை எவ்வளவு வேகத்தில் தூக்குவது, எவ்வளவு மெதுவாக இறக்குவது என்ற கேள்வி கூர்மை பெற்றது. சில ஆண்டுகளில், பெரும் எடையைச் சுமந்து அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் அக்யுமுலேட்டரையும் அவர் கொண்டுவந்தார். இந்த முறை ஊர் அளவுக்கு விரிந்தது. 1883இல் தொடங்கிய லண்டன் ஹைட்ராலிக் பவர் கம்பெனி, சுமார் 55 பார் அழுத்தத்தில் நீரைத் தெருக்குழாய்கள் வழியே லிஃப்டுகளுக்கும் கிரேன்களுக்கும் விற்றது. அது மூடப்பட்டது 1977இல்தான்.

இந்த ஏற்பாட்டில் அழுத்தம் நிலையானது. வேகத்தை வால்வைத் திறக்கும் அளவு தீர்மானித்தது. பலவீனமும் அங்கேயே இருந்தது. கால் டன் தூக்கினாலும் முழு டன் தூக்கினாலும் செலவாகும் நீர் ஒன்றே. பளு குறைவாக இருந்தால் மிஞ்சும் அழுத்தம் முழுவதும் வால்வில் கரைந்தது. இதற்கு அன்றே ஒரு தீர்வும் பிறந்தது. ஒரே கிரேனில் மூன்று சிலிண்டர்களை வைத்து, பளுவுக்கு ஏற்ப ஒன்றையோ இரண்டையோ மூன்றையுமோ இணைத்தார்கள். வால்வில் அழுத்தத்தைத் தொலைப்பதற்குப் பதிலாக, பிஸ்டன் பரப்பைப் பளுவுக்குப் பொருத்தும் இந்த எண்ணம் இன்றைய ஆய்வுகளில் வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

நீர் துருப்பிடிக்க வைக்கும், உறையும், உராயும் பாகங்களுக்கு மசகாக உதவாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெனால்ட் ஜானி, ஹார்வி வில்லியம்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் நீருக்குப் பதில் ஆயிலைக் கொண்டு, கொள்ளளவு மாறும் பிஸ்டன் பம்பையும் ஒரு மோட்டாரையும் இணைத்தார்கள். 1906 வாக்கில் யுஎஸ்எஸ் வர்ஜினியா போர்க்கப்பலின் பீரங்கி மேடையை அது திருப்பியது. அங்கே வேகத்தை மாற்றியது பம்பின் கொள்ளளவுதான். ஆயிலின் வழியில் குறுக்கம் எதுவும் இல்லை. ஆக, வால்வின் வழி, பம்பின் வழி இரண்டுமே நூறாண்டைக் கடந்தவை. பிற்காலத்து விவாதம் இவற்றில் எது புதியது என்பதைப் பற்றியதாக இருக்கவில்லை. எது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதே அதன் மையம்.

## துவாரத்தின் கணக்கு

வால்வின் வழிக்கு அடிப்படை ஒரு சிறு துவாரம். அதன் வழியே பாயும் ஆயிலின் அளவு துவாரத்தின் பரப்புக்கும், இரு பக்க அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூர்விளிம்புத் துவாரத்தின் இரு பக்கமும் 20 பார் வேறுபாடு இருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 லிட்டர் பாயும். பளு குறைந்து அந்த வேறுபாடு 80 பாராக உயர்ந்தால் பாய்வு 100 லிட்டராகிவிடும். லீவர் இம்மியும் அசையவில்லை. சிலிண்டர் மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கனரக இயந்திரங்களில் இது விபத்துக்கும் வழிவகுக்கும்.

இரண்டாவது தொல்லை வெப்பநிலை. பரவலாகப் பயன்படும் ஐஎஸ்ஓ விஜி 46 வகை ஆயிலின் பாகுத்தன்மை, 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 80 டிகிரியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நீண்ட, ஒடுங்கிய வழியில் பாய்வு பாகுத்தன்மையைச் சார்ந்தது. காலையில் ஒரு வேகம், மதியத்தில் ஒரு வேகம் என்றாகும். கூர்விளிம்புத் துவாரத்தில் இந்தச் சார்பு மிகக் குறைவு. அதனால்தான் நல்ல ஃப்ளோ கன்ட்ரோல் வால்வுகளில் அளவிடும் விளிம்பு கத்தி முனைபோலச் சீவப்பட்டிருக்கும்.

பளுவால் வரும் மாற்றத்துக்கு விடை, அழுத்தச் சமன்செய்யும் காம்பன்சேட்டர். ஸ்பிரிங் தாங்கிய சிறு ஸ்பூல் ஒன்று அளவிடும் துவாரத்தின் முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களை உணர்ந்து, அவற்றின் வேறுபாட்டை எப்போதும் 5 முதல் 10 பார் அளவில் வைத்திருக்கும். பளு எப்படி மாறினாலும் பாய்வு மாறாது. இது தொடர்வரிசையில் அமைந்தால் மிஞ்சும் ஆயில், அழுத்தம் வரம்பைத் தாண்டாமல் காக்கும் ரிலீஃப் வால்வு வழியே முழு அழுத்தத்தில் வெளியேறும். மூன்று வாய் கொண்ட வகையில் மிச்சம் பளுவின் அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலான அழுத்தத்திலேயே டேங்குக்குத் திரும்பும். வீணாவது குறைவு, ஆனால் ஒரு பம்புக்கு ஒரு வேலைதான் கொடுக்க முடியும். இரண்டு வகையிலும் ஓர் இடைவெளி உண்டு. இயக்கம் நின்றிருக்கும்போது காம்பன்சேட்டர் முழுக்கத் திறந்து கிடக்கும். ஆயில் பாயத் தொடங்கும் கணத்தில் அது தன் நிலைக்கு வருவதற்குள் சிலிண்டர் ஒரு முறை துள்ளிவிடும்.

மொபைல் இயந்திரங்களின் கன்ட்ரோல் வால்வில் இந்த வேலை முழுவதையும் செய்வது ஓர் எஃகு உருளை. ஸ்பூலுக்கும் அது நகரும் துளைக்கும் இடையேயுள்ள இடைவெளி சில மைக்ரான்கள். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒன்று என்று சொல்லலாம். ஸ்பூலின் விளிம்பில் அரைவட்டமாகவோ முக்கோணமாகவோ சிறு வெட்டுகள் இருக்கும். நகர்வின் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இந்த வெட்டுகள் மட்டுமே திறக்கும். ஆபரேட்டர் பக்கெட்டின் பல்லை ஒரு குழாயின் மேல் உரசாமல் நிறுத்த முடிவது இவற்றால்தான். வெட்டின் ஆழம் அரை மில்லிமீட்டர் மாறினாலும் வண்டியின் குணம் மாறிவிடும். பாயும் ஆயிலே ஸ்பூலை மூடப் பார்க்கிறது என்பதையும், அந்த விசையை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் எம்ஐடியில் ஷி-யிங் லீயும் ஜான் பிளாக்பர்னும் 1952இல் தெளிவுபடுத்தினார்கள். ஸ்பூல் வடிவமைப்பு கைப்பழக்கத்திலிருந்து கணக்குக்கு மாறியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

இவை அனைத்துக்கும் விலை வெப்பம். 100 பார் அழுத்தத்தைத் துவாரத்தில் தொலைத்தால், அந்த ஆயிலின் வெப்பநிலை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டிகிரி உயரும். அந்த வெப்பத்தை வெளியேற்றக் கூலர் வேண்டும். கூலருக்கு விசிறி வேண்டும். விசிறிக்கும் அதே எஞ்சின்தான் சக்தி தர வேண்டும்.

## எந்தப் பக்கம் அடக்குவது

துவாரத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. சிலிண்டருக்குள் போகும் ஆயிலை அடக்குவது மீட்டர்-இன். வெளியேறுவதை அடக்குவது மீட்டர்-அவுட். பம்பிலிருந்து வருவதில் ஒரு பகுதியை டேங்குக்குத் திருப்பிவிடுவது ப்ளீட்-ஆஃப். பளு எதிர்த்து நிற்கும்வரை மீட்டர்-இன் போதும். பளுவே இழுக்கத் தொடங்கினால், உள்ளே வரும் ஆயிலைவிட வேகமாகப் பிஸ்டன் ஓடிவிடும். பின்னால் வெற்றிடம் உண்டாகும்.

திருச்செங்கோட்டில் உருவாகி நாடெங்கும் ஓடும் போர்வெல் ரிக்குகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் சில ராடுகள் இறங்கும்வரை ஃபீட் அமைப்பு கீழ்நோக்கி அழுத்த வேண்டும். ஆழம் கூடக் கூட ராடுகளின் சொந்த எடையே அதிகமாகிவிடும். அதன்பின் அதே ஃபீட் எடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இறக்க வேண்டியிருக்கிறது. ஒரே துளையில் பளுவின் திசை தலைகீழாகிறது. இங்கே வெளியேறும் பக்கத்தில் கட்டுப்பாடு இல்லாமல் முடியாது.

மீட்டர்-அவுட்டுக்கும் ஆபத்து உண்டு. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் 70 மில்லிமீட்டர் ராட் இருந்தால், ராட் பக்கத்துப் பரப்பு மறுபக்கத்தில் ஏறத்தாழ பாதி. பளு இல்லாதபோது ராட் பக்கத்தில் ஆயிலை அடக்கிக்கொண்டு மறுபக்கத்தில் 200 பார் கொடுத்தால், ராட் பக்க அழுத்தம் 390 பாரைத் தாண்டும். ஹோஸும் சீலும் அதைத் தாங்கும்படி இல்லையென்றால் வெடிக்கும். எந்த இடமும் எல்லாப் பளுவுக்கும் பொருந்தாது என்பதால் மீட்டர்-இன்னோடு, இழுக்கும் பளு ஓடிவிடாமல் தாங்கும் கவுன்டர்பேலன்ஸ் வால்வைச் சேர்ப்பது வழக்கமானது. அது பாதுகாப்பானது. ஆனால் பூமைத் தூக்கச் செலவிட்ட ஆற்றல், இறக்கும்போது முழுவதும் வெப்பமாகிறது.

## ஒரு பம்ப், பல வேலை

1951இல் பிரான்ஸின் போக்லன் நிறுவனம் தன் முதல் ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டரை வெளியிட்டது. 1954இல் ஜெர்மனியின் டெமாக், முழு வட்டம் சுழலும் முழு ஹைட்ராலிக் வண்டியைக் கொண்டுவந்தது. கம்பிவடத்தின் இடத்தைச் சிலிண்டர் பிடித்ததும், பங்கீடு மையப் பிரச்சினையானது.

தொடக்ககால விடை ஓபன் சென்டர். லீவரைத் தொடாதபோது ஆயில் வால்வின் நடுவழியே டேங்குக்குப் போய்விடும். லீவரை நகர்த்தினால் நடுவழி மூடிக்கொண்டே வர, சிலிண்டருக்கான வழி திறக்கும். அமைப்பு எளிது, நிலையானது. பளு கூடினால் வேகம் தானே குறைவதால் மண்ணின் கடினத்தை ஆபரேட்டர் கையில் உணர முடிகிறது. அனுபவமுள்ளவர்கள் பலர் இந்த உணர்வை விரும்புகிறார்கள். ஆனால் லீவரின் ஒரே நிலைக்கு, பளுவைப் பொறுத்து வெவ்வேறு வேகம் கிடைக்கும். இரண்டு இயக்கங்களைச் சேர்த்துச் செய்தால் லேசானது ஆயிலைப் பறித்துக்கொள்ளும். ஜப்பானிய எக்ஸ்கவேட்டர்களில் பரவலான நெகட்டிவ் கன்ட்ரோல் இதன் மேம்பட்ட வடிவம். நடுவழியின் முடிவில் உள்ள துவாரத்துக்கு முன் எழும் அழுத்தத்தை அளந்து, மிச்சம் அதிகமானால் பம்பின் கொள்ளளவைக் குறைப்பார்கள்.

மற்றொரு கிளை, நடுவழியே இல்லாத குளோஸ்டு சென்டர். ஜான் டீர் 1960இல் அறிமுகப்படுத்திய டிராக்டர் வரிசையில் பம்ப் அழுத்தத்தை நிலையாக வைத்து, கேட்டால் மட்டும் ஆயிலைத் தந்தது. அடிப்படையில் இது ஆம்ஸ்ட்ராங்கின் ஏற்பாடேதான்; ஆயிலின் அளவு மிச்சமானது, அழுத்தம் மிச்சமாகவில்லை.

அடுத்து வந்த லோட் சென்சிங், நீண்ட காலம் இறுதி விடையாகத் தோன்றியது. இயங்கும் உறுப்புகளில் எது அதிக அழுத்தம் கேட்கிறதோ அதைச் சிறு குழாய் வழியே பம்ப் அறிந்துகொள்ளும். அதைவிட 15 முதல் 25 பார் மட்டும் கூடுதலாக வைத்திருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் உள்ள காம்பன்சேட்டர் மற்றவற்றைச் சமன்செய்யும். ஒரே ஓர் இயக்கம் நடக்கும்போது வீணாவது மிகக் குறைவு. பல இயக்கங்கள் சேரும்போது கதை மாறுகிறது. பூமுக்கு 250 பாரில் நிமிடத்துக்கு 60 லிட்டரும், பக்கெட்டுக்கு 100 பாரில் 100 லிட்டரும் தேவை என்று கொள்வோம். பம்ப் 270 பாரில் 160 லிட்டர் தர வேண்டும். அது 72 கிலோவாட். இரண்டு உறுப்புகளும் உண்மையில் பயன்படுத்துவது ஏறத்தாழ 42 கிலோவாட். மீதி 30 கிலோவாட்டில் 28, பக்கெட்டின் வால்வுப் பிரிவில் மட்டும் வெப்பமாகிறது. ஒரு உறுப்பின் அழுத்தத்துக்காக எல்லா உறுப்புகளுக்குமான ஆயிலை உயர் அழுத்தத்தில் தர வேண்டியிருப்பதே ஒற்றைப் பம்பின் அடிப்படைக் குறை.

வேறு இரண்டு குறைகளும் பதிவாகியுள்ளன. ஆபரேட்டர் கேட்கும் மொத்த அளவு பம்பின் திறனைத் தாண்டினால், பழைய அமைப்பில் அதிகப் பளுவுள்ள உறுப்பு நின்றுபோகும். காம்பன்சேட்டரை அளவிடும் விளிம்புக்குப் பின்னால் வைத்து, எல்லா உறுப்புகளும் ஒரே விகிதத்தில் மெதுவாகும்படி செய்த பங்கீட்டு முறை இதைத் தீர்த்தது. ரெக்ஸ்ராத், லிண்டே போன்ற நிறுவனங்கள் அதைப் பரவலாக்கின. இரண்டாவது குறை ஊசலாட்டம். பளுவின் அழுத்தமே பம்பை ஆட்டிவைப்பதால், நீண்ட பூமின் அதிர்வும் பம்பின் எதிர்வினையும் ஒன்றையொன்று தூண்டிவிடலாம். சென்சிங் குழாயில் சிறு துவாரங்களை வைத்து அதை அடக்குவார்கள். அடக்கினால் வேகமான எதிர்வினை போய்விடும்.

## உள்வழியும் வெளிவழியும் தனித்தனியே

வழக்கமான ஸ்பூலில் ஆயில் உள்ளே போகும் விளிம்பும் வெளியேறும் விளிம்பும் ஒரே எஃகில் செதுக்கப்பட்டவை. சேர்ந்தே திறக்கும், சேர்ந்தே மூடும். பளு இழுத்தாலும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக வெளிவழியைச் சிறிதாக வைத்தால், பளு எதிர்க்கும்போதும் அந்தக் குறுக்கம் வீணாக எதிர்த்து நிற்கும். ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னே ஜான்சனும் யான்-ஊவே பால்ம்பெர்கும் 1990இல் இந்த இணைப்பை உடைத்து, இரு பக்கத்தையும் தனித்தனி வால்வுகளால் கட்டுப்படுத்தும் முறையை ஆராய்ந்தனர். வெளிவழியை முழுக்கத் திறக்கலாம். பளு இறங்கும்போது ஒரு பக்கத்து ஆயிலையே மறுபக்கத்துக்குத் திருப்பலாம். பம்பின் உதவியே இல்லாமல் பூமை இறக்கலாம்.

இந்த எண்ணம் ஆய்வகத்தில் நின்றுவிடவில்லை. ஹஸ்கோ, ஈட்டன் நிறுவனங்கள் இத்தகைய வால்வுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. கேட்டர்பில்லர் 2012இல் அறிவித்த 336ஈ ஹெச் ஹைப்ரிட் எக்ஸ்கவேட்டரில் தனித்தனிக் கட்டுப்பாட்டு வால்வும், ஸ்விங்கின் ஆற்றலைச் சேமிக்கும் அக்யுமுலேட்டரும் சேர்ந்திருந்தன. எரிபொருள் 25 சதவீதம்வரை மிச்சமாகும் என்று நிறுவனம் கூறியது. அந்த மிச்சத்தில் வால்வின் பங்கு எவ்வளவு, அக்யுமுலேட்டரின் பங்கு எவ்வளவு என்பது அந்த ஒற்றை எண்ணிலிருந்து தெரியாது.

பலவீனங்களும் தெளிவானவை. ஒரு ஸ்பூலின் இடத்தில் நான்கு, அவற்றுக்கு மின்சுருள்கள், அழுத்த உணரிகள், கட்டுப்படுத்தும் மென்பொருள். ஓர் இயக்க முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கணத்தில் சிலிண்டர் குலுங்காமல் பார்ப்பது கடினம். உணரி ஒன்று பழுதானால் பளு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதே வண்டிக்குத் தெரியாது.

## வால்வே வேண்டாம் என்போர்

ஜானி, வில்லியம்ஸ் காட்டிய வழியின் இன்றைய வாரிசுகள், ஒவ்வொரு உறுப்புக்கும் தனிப் பம்ப் என்கிறார்கள். பர்டூ பல்கலைக்கழகத்தில் மோனிகா இவாந்திசினோவாவின் குழு 5 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றின் கன்ட்ரோல் வால்வை அகற்றி, கொள்ளளவு மாறும் பம்புகளால் சிலிண்டர்களை நேரடியாக இயக்கியது. லோட் சென்சிங் கொண்ட அதே வகை வண்டியோடு லாரியில் மண் ஏற்றும் வேலையில் ஒப்பிட்டபோது, எரிபொருள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக அந்த ஆய்வு தெரிவித்தது. பூம் இறங்கும்போது பம்பே மோட்டாராகி, அந்த ஆற்றலை மற்ற பம்புகளுக்குத் தந்தது.

விமானத்துறை இதே வழியில் முன்னேறிவிட்டது. 2005இல் முதலில் பறந்த ஏர்பஸ் ஏ380இல் சில கட்டுப்பாட்டுப் பரப்புகளுக்குத் தனி மின்மோட்டாரும் பம்பும் கொண்ட இயக்கிகள் உள்ளன. பிளாஸ்டிக் இன்ஜெக்ஷன் மோல்டிங் இயந்திரங்களிலும் சர்வோ மோட்டாரால் பம்பின் வேகத்தையே மாற்றும் முறை, பழைய புரொபோர்ஷனல் ஃப்ளோ வால்வின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது. பொருள் குளிரும் நேரத்தில் மோட்டார் கிட்டத்தட்ட நின்றேவிடும். இந்தத் தொழிற்சாலை இயந்திரங்களில் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பம்ப் ஒரு நேரத்தில் ஒரே உறுப்புக்கு உழைத்தால் போதும். அங்கே கேள்வி பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிட்டது என்றே கருதலாம்.

எக்ஸ்கவேட்டரில் அப்படியில்லை. நான்கு உறுப்புகள் ஒரே நேரத்தில் இயங்கும். ஒவ்வொன்றின் உச்சத் தேவைக்கும் தனிப் பம்ப் வாங்கினால், அவற்றின் மொத்தத் திறன் எஞ்சினின் திறனைவிடப் பல மடங்காகும். பிஸ்டன் பம்ப் முழுக் கொள்ளளவில் சிக்கனமானது. சிறு கொள்ளளவில் அதன் கசிவும் உராய்வும் மேலோங்கும். சிலிண்டரின் இரு பக்கப் பரப்பும் சமமில்லாததால், மிச்ச ஆயிலைச் சமாளிக்கத் துணைப் பம்பும் செக் வால்வுகளும் வேண்டும். வால்வை ஒழிக்கப் புறப்பட்ட அமைப்பிலும் வால்வுகள் மீண்டும் வந்து சேர்கின்றன.

இதைவிடத் தீவிரமான நிலைப்பாடு ஹைட்ராலிக்கே வேண்டாம் என்பது. 2022இல் பாப்கேட் காட்டிய டி7எக்ஸ் லோடரில் சிலிண்டர்களின் இடத்தில் மின்சார இயக்கிகள் இருந்தன. சிறு வண்டிகளுக்கு இது நம்பிக்கை தரலாம். கல்குவாரியில் பாறையை மோதும் பெரிய பக்கெட்டின் அதிர்ச்சியை அந்த இயக்கிகளின் திருகு தண்டுகள் நெடுங்காலம் தாங்குமா என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

## திறப்பது அல்லது மூடுவது மட்டும்

மூன்றாவது பள்ளி, குறுக்குவதையே தவிர்க்கப் பார்க்கிறது. முழுக்கத் திறந்த வால்வில் அழுத்தம் தொலையாது. முழுக்க மூடிய வால்வில் பாய்வு இல்லை. இரண்டிலும் இழப்பு சொற்பம். பின்லாந்தின் தாம்பெரேயில் மட்டி லின்யாமாவும் அவர் குழுவினரும், அளவில் ஒன்றுக்கொன்று இரட்டிக்கும் வால்வுகளை இணையாக வைத்தனர். 1, 2, 4, 8, 16 என்ற விகிதத்தில் ஐந்து வால்வுகள் இருந்தால் 31 விதமான திறப்புகள் கிடைக்கும். அழுக்கில் சிக்கும் நுண்ணிய ஸ்பூல் இல்லை. ஒரு வால்வு பழுதானாலும் மற்றவை வேலையை ஓட்டும். ஆனால் 15இலிருந்து 16க்குப் போகும்போது நான்கு வால்வுகள் மூடி ஒன்று திறக்க வேண்டும். சில மில்லிநொடி பிசகினாலும் குழாயில் அழுத்தம் எகிறும்.

எடின்பரோவின் ஆர்டெமிஸ் நிறுவனம் இதே கொள்கையைப் பம்புக்குள் கொண்டுபோனது. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் மின்காந்த வால்வு வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பிஸ்டன் உழைக்க வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா என்று கணினி முடிவெடுக்கும். 2015இல் பிரிட்டனின் மெக்ராபர்ட் விருதைப் பெற்ற அந்த நிறுவனம் பின்னர் டான்ஃபாஸின் கைக்குப் போனது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் 18 டன் எக்ஸ்கவேட்டரில் நிலையான அழுத்தக் குழாய்களைக் கொண்டு எஞ்சினை ஒரே சீரில் ஓட்டும் முறையைச் சோதித்தது. நார்ஹைட்ரோ நிறுவனத்தின் பல அறைச் சிலிண்டர், பளுவுக்கு ஏற்ற அறைகளை மட்டும் அத்தகைய நிலையான அழுத்தக் குழாய்களோடு இணைக்கிறது. ஆம்ஸ்ட்ராங் காலத்து மூன்று சிலிண்டர் கிரேனின் தர்க்கம்தான் இது. கை நெம்புகோலின் இடத்தில் கணினி.

## எண்களை எப்படி ஒப்பிடுவது

ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2012இல் வெளியிட்ட மதிப்பீடு, அமெரிக்காவில் பயன்படும் திரவ ஆற்றல் அமைப்புகளின் சராசரிச் செயல்திறன் 22 சதவீதம் என்றது. மேம்பாட்டுக்கு இடம் இருப்பதை இது காட்டுகிறது. ஆனால் அது பலவகை இயந்திரங்களைச் சேர்த்த சராசரி. இழப்பு முழுவதும் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வில் நிகழ்வதில்லை. பம்பிலும், ஹோஸிலும், வேலையின்றி ஓடும் எஞ்சினிலும் அதற்குப் பங்குண்டு.

ஒவ்வொரு பள்ளியும் தன் வெற்றியை எதோடு ஒப்பிடுகிறது என்பது அடுத்த சிக்கல். பழைய லோட் சென்சிங் வண்டியோடு ஒப்பிட்டால் 40 சதவீதம் கிடைக்கலாம். லீவரின் அசைவைக் கொண்டே பம்பின் கொள்ளளவைத் தீர்மானிக்கும், நன்கு சீரமைத்த இன்றைய பாசிட்டிவ் கன்ட்ரோல் வண்டியோடு ஒப்பிட்டால் அது சுருங்கக்கூடும். ஜப்பானின் ஜேசிமாஸ் ஹெச் 020 போன்ற சோதனை முறைகள் தோண்டுதல், சமன்படுத்துதல், ஓட்டம், காத்திருப்பு என்று வேலையைப் பிரித்து அளப்பதால் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன. ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் தோண்டிக் கொட்டும் ஒரே சுற்றோடு நின்றுவிடுகின்றன.

மூன்றாவதாக, கணக்கில் போதிய இடம் பெறாதது பராமரிப்பு. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே உள்ள துகள்களும் ஸ்பூலைத் தேய்க்கின்றன. ஐஎஸ்ஓ 4406 தரத்தின்படி ஆயிலைச் சுத்தமாக வைத்திருப்பது செம்மண் புழுதி பறக்கும் தளத்தில் எளிதல்ல. எந்த விடை அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும்? எதைத் தளத்திலேயே ஒரு மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய முடியும்? எதற்கு உற்பத்தியாளரின் லேப்டாப் வரும்வரை வண்டி நிற்க வேண்டும்? இரண்டு நாள் நின்றுபோன வண்டியில், ஒரு மாதத்து டீசல் மிச்சம் கரைந்துவிடலாம். இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிகள் பெருமளவில் உழைக்கும் நாடுகளில் இதுவே முதன்மையான அளவுகோல். பெரும்பாலான ஒப்பீடுகள் இதைத் தொடுவதேயில்லை.

## முடிவாகாதவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வேலைகள் வரிசையாக நடக்கும் தொழிற்சாலை இயந்திரங்களில் பம்பின் வழி வலுவாக வேரூன்றிவிட்டது. பல உறுப்புகள் ஒரே மூலத்தைப் பகிரும் மொபைல் இயந்திரங்களில் வால்வு நிலைத்திருப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல. பங்கிடுவது, இழுக்கும் பளுவைப் பிடித்து நிறுத்துவது, சட்டென்று பதிலளிப்பது ஆகிய மூன்றையும் அது ஒரே எஃகுத் துண்டில் செய்கிறது. அதை நீக்கும் எந்த அமைப்பும் இந்த மூன்றுக்கும் வேறிடத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. வால்வு முற்றிலும் மறையும் என்பதைவிட, அதிக ஆற்றல் கடந்துபோகும் பூம், ஸ்விங் போன்ற உறுப்புகள் தனிப் பம்புக்கோ மீட்பு அமைப்புக்கோ மாறி, மற்றவை மேம்பட்ட வால்வுகளோடு தொடரும் என்பதே கிடைக்கும் சான்றுகளுக்கு நெருக்கமான கணிப்பு.

திறந்த கேள்விகள் மூன்று. பேட்டரி வண்டிகளில் ஒவ்வொரு கிலோவாட்-மணியும் பேட்டரியின் எடையாகவும் விலையாகவும் மாறும்போது, டீசல் காலத்தில் ஏற்கத்தக்கதாக இருந்த 30 கிலோவாட் இழப்பை இனியும் ஏற்க முடியுமா? டிஜிட்டல் வால்வுகளின் சத்தமும் அழுத்தத் துள்ளலும் பல்லாயிரம் மணி நேர உழைப்பில் குழாய்களையும் சீல்களையும் என்ன செய்யும்? பளுவைக் கையில் உணரும் ஆபரேட்டரின் திறனை மென்பொருள் ஈடுசெய்யுமா, மழுங்கடிக்குமா? முதலாவதற்குக் கணக்கு விடை தரலாம். மற்ற இரண்டுக்கும் வண்டிகள் களத்தில் பல ஆண்டுகள் ஓடிய பதிவுகள் வேண்டும். அந்தப் பதிவுகளில் எரிபொருளோடு, வண்டி பழுதாகி நின்ற நேரமும் பழுதுபார்த்த செலவும் சேர்ந்தால்தான் எந்த விடை சிறந்தது என்று நியாயமாகச் சொல்ல முடியும்.